மூட்டின் நெகிழ்வும் வளரும் பிள்ளைகளின் நோவும்

(நம் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

பெங்களூர் வாழ் தமிழ்ப் பெருமக்களே!

மருத்துவத்தைப் பற்றிப் பேசுதற்கு மருத்துவர் பலர் இந்நகரில் இருக்க, ரயில்வே பார்சல் அலுவலகத்தில் எடை போட்டு ரசீது எழுதும் எழுத்தர் ஒருவர் இம்மேடையில் ஏறியது என்னை என்று உங்களுட் சிலர் கருதலாம். கருதுவதும் முறையே. பத்தாம் வகுப்புத் தேர்வோடு பள்ளி வாசலை விட்டு வெளியேறினோம் யாம். எமக்குப் பழக்கமான கலை எடை போடுங் கலை ஒன்றே. ஆயின் இன்று யாம் எடுத்துக்கொண்ட பொருளும் ஒருவகையில் எடை போடுதலைப் பற்றியதுதான். வளரும் பருவத்துப் பிள்ளைகளின் வலியை எவ்வாறு நிறுத்து அறிவது? அவர்களுள்ளும், மூட்டுகள் இயல்பினும் மிகுதியாக வளையும் பிள்ளைகளின் வலியை நிறுத்து அறிவது எவ்வாறு? இவ்வினாவுக்கு விடை தேடி ஈராண்டுகளாகக் கிடைத்த நூல்களையும் கட்டுரைகளையும் படித்தும், பொறுமையுள்ள மருத்துவர் இருவரைக் கேட்டும் அறிந்தவற்றையே இங்குக் கூறுகின்றோம்.

மிகையாக வளையும் உடலைக் கண்டு கைதட்டுவது நம் மக்களின் பழைய வழக்கம். தெருவில் கழைக்கூத்தாடியின் சிறுமி பின்புறமாக வில்லென வளைந்து தரையிலுள்ள ரூபாய்த் தாளை வாயாற் கவ்வினால் கைதட்டுவோம். சர்க்கஸ் கூடாரத்தில் கைதட்டுவோம். நம் சங்கத்தின் யோகாசனப் போட்டியில் ஒரு குழந்தை தன் காலைத் தோளின்மேல் மாலைபோலப் போட்டுக்கொண்டால் முதற்பரிசும் தருவோம். "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்ற பழமொழி வேறு நம் வாயில் எப்பொழுதும் ஆயத்தமாக இருக்கின்றது. ஐந்தில் அளவுக்கு மிஞ்சி வளைந்தது பதினான்கில் என்னாகும் என்று கேட்கும் பழமொழி ஒன்றை யாம் இதுவரை கேட்டதில்லை.

இத்தகைய நெகிழ்வை அளத்தற்கு மருத்துவர் ஒரு கணக்கு வைத்துள்ளனர். தென்னாப்பிரிக்காவில் பணியாற்றிய பெய்ட்டன் என்னும் அறிஞரும் அவர்தம் துணைவர் இருவரும் 1973-இல் வெளியிட்ட கணக்கு அது. அதற்கு முன் 1964-இல் கார்ட்டர், வில்கின்சன் என்னும் இருவர் வகுத்ததைத் திருத்தி அமைத்தது. மொத்த மதிப்பெண் 9. அமர்ந்தபடியே நீங்களும் செய்து பார்க்கலாம். சுண்டுவிரலைப் பின்னோக்கி மடக்கினால் அது செங்குத்தைத் தாண்டுகின்றதா? கட்டைவிரலை வளைத்தால் முன்கையைத் தொடுகின்றதா? முழங்கை நேர்க்கோட்டையும் கடந்து பின்புறம் 10 பாகைக்கு மேல் வளைகின்றதா? முழங்காலும் அவ்வாறே வளைகின்றதா? இந்நான்கிற்கும் வலப்புறம் ஒன்று, இடப்புறம் ஒன்று என எட்டு மதிப்பெண். முழங்காலை மடக்காமற் குனிந்து இரு உள்ளங்கைகளையும் தரையில் முழுதும் பதிக்க முடிந்தால் ஒன்பதாவது மதிப்பெண். (பின்வரிசையில் இருக்கும் பெரியவர்கள் அருள்கூர்ந்து ஒன்பதாவதைச் செய்து பார்க்க வேண்டா.) வளரும் பிள்ளைகளுக்கு 6 அல்லது அதற்கு மேல் வந்தால் அவர்கள் மிகை நெகிழ்வு உடையோர் என்று இன்று மருத்துவர் கொள்கின்றனர்.

ஆறு வந்துவிட்டது என்று எவரும் அஞ்சவேண்டுவதில்லை. மும்பையில் 3 வயது முதல் 19 வயது வரையுள்ள நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் சோதித்து 2008-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அவர்களுட் பாதிக்கு மேற்பட்டோர் மூட்டு நெகிழ்வுடையோராக இருந்தனர். நெகிழ்வு நம் நாட்டுப் பிள்ளைகளிடம் மிகப் பரவலாகக் காணும் இயல்பு. அது உள்ளோரிற் பெரும்பாலோர் ஒரு குறையுமின்றி வளர்ந்து, மணம் முடித்து, நம்மைப் போல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாழ்கின்றனர். துன்பப்படுவோர் அவர்களுள் ஒரு பகுதியினரே. அந்த ஒரு பகுதியினரின் துன்பந்தான் யாம் கூறவந்த பொருள்.

மிகவும் தளர்ந்த மூட்டுடையோரைப் பற்றிப் பழைய கிரேக்க மருத்துவர் இப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் நூல்களிலேயே குறிப்பு உண்டு. சிதியர் என்னும் குதிரை வீரர்கள் மூட்டுத் தளர்ச்சியால் வில் நாணை இழுக்கவும் இயலாதிருந்தனர் என்பது அக்குறிப்பு. பின்னர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டென்மார்க்கு நாட்டு எலெர்ஸ், பிரான்சு நாட்டு டான்லோஸ் என்னும் தோல் மருத்துவர் இருவர், தோலும் மூட்டும் மிக நெகிழும் பரம்பரை நோயை விளக்கினர். இன்று அவ்விருவர் பெயராலும் அது வழங்குகின்றது. 2017-இல் அதனைப் 13 வகையாகப் பகுத்தனர். மூட்டு நெகிழ்வே முதன்மையாக உள்ள வகைக்கு மட்டும் உறுதிப்பட்ட மரபணுக் காரணம் அப்பொழுது அறியப்படவில்லை. ஆகவே இரத்தச் சோதனையால் அதனைக் காட்ட இயலாது. கண்ணாற் கண்டும் கையால் வளைத்தும் காதாற் கேட்டுமே அறிய வேண்டியுள்ளது. காதாற் கேட்டு என்றதை நினைவில் வையுங்கள். அதற்கு மீண்டும் வருவோம்.

எம் தமக்கையார் மகளுக்கு வயது பதினான்கு. ஏழு வயது முதல் பரதம் பயில்பவள். அரைமண்டியில் அவளைப்போல் அமர்வார் அவ்வகுப்பில் இல்லை என்பர். பதின்மூன்றாம் வயதில் முழங்காலும் கணுக்காலும் இரவில் நோகத் தொடங்கின. பின்னர்த் தோளும் எழுதும் கைவிரல்களும் நோவெடுத்தன. தேர்வில் விடைத்தாளின் மூன்றாம் பக்கத்திற்குமேல் எழுத முடியவில்லை. எக்ஸ்ரே எடுத்தனர், ஒன்றுமில்லை. இரத்தம் எடுத்தனர், ஒன்றுமில்லை. வீக்கமில்லை, காய்ச்சலில்லை. பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர் எல்லார் முன்னிலையிலும், "டான்ஸ் ஆடக் கால் இருக்கிறது, ஓடக் கால் இல்லையா?" என்றார். உறவினர் சிலர் வயது வந்த பெண்ணின் பிடிவாதம் என்றனர். ஒருவர் கண்ணேறு என்றார். அவரை யாம் குறை கூறமாட்டோம்; அவராவது நோவு உண்டு என்று ஒப்புக்கொண்டார் அன்றோ? அப்பெண் நாளடைவில் நோவைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டாள். நிறுத்தியதைக் கண்டு, "பார்த்தீர்களா, சரியாகிவிட்டது" என்றனர்.

பின்னர் ஒரு மருத்துவர் அவள் கட்டைவிரலைப் பிடித்து வளைத்துப் பார்த்தார். ஒன்பதில் எட்டு வந்தது.

இனி, எடை போடும் இடத்திற்கு வருவோம். வலியை ஆராய்வோர் அல்கோமீட்டர் என்றொரு சிறு கருவியைக் கையாள்கின்றனர். அதன் நுனியில் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள ரப்பர்த் துண்டு இருக்கும். அதனைத் தசையின்மேல் வைத்து மெல்ல மெல்ல, ஒரே சீராக அழுத்தத்தை ஏற்றுவர். வெறும் அழுத்தமாக இருந்தது வலியாக மாறும் அந்த நொடியிற் பிள்ளை "போதும்" என்று கூறவேண்டும். அப்பொழுது கருவி காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்வர். அதுவே வலி தொடங்கும் வாயில். சிலர்க்கு அவ்வாயில் உயரத்தில் இருக்கும், சிலர்க்குத் தாழ்ந்திருக்கும்.

இச்சோதனையை நோகும் மூட்டின்மேல் மட்டும் செய்வதில்லை. நோவே இல்லாத தசையிலும் செய்கின்றனர். இதன் காரணம் நுட்பமானது. முழங்கால் நோகும் பிள்ளைக்கு முழங்காலில் மட்டும் வாயில் தாழ்ந்திருந்தால், கோளாறு அவ்விடத்தது என்று கொள்ளலாம். முழங்காலை விட்டுத் தொலைவிலுள்ள இடத்திலும் தாழ்ந்திருந்தால், கோளாறு மூட்டோடு நிற்கவில்லை. வலிச்செய்தியைச் சுமந்து செல்லும் நரம்பமைப்பே கூர்மை பெற்றுவிட்டது என்பது பெறப்படும். நெதர்லாந்தில் ஸ்கெப்பர் என்பவரும் அவர்தம் குழுவினரும் மிகை நெகிழ்வு நோயுடைய பிள்ளைகளையும் பெரியோரையும், நலமுள்ளோரோடு ஒப்பிட்டு, 2017-இல் முடிவை வெளியிட்டனர். பிள்ளைகள், பெரியோர் ஆகிய இருசாராரிடமும் வலி வாயில் தாழ்ந்தே இருந்தது. அதுவும் ஓரிடத்தில் அன்று, உடலிற் பரவலாக. இத்தாலியில் 2016-இல் வந்த வேறோர் ஆய்விலும், இந்நோயுடைய பெரியோர் சூட்டையும் குளிரையும் விரைவில் வலியாக உணர்ந்தனர். ஒரே குத்தலைத் திரும்பத் திரும்பத் தருங்கால் அவர்க்கு வலி படிப்படியாகப் பெருகியது.

"கால் வளர்கிறது, அதனால் நோகிறது" என்று நாம் இரவில் எண்ணெய் தேய்த்துவிடுகிறோமே, அந்த வளர்ச்சி நோவுக்கும் இதற்கும் உறவு உண்டு போலும். அந்நோவுடைய குழந்தைகளின் வலி வாயில் தாழ்ந்திருந்ததை இசுரேல் நாட்டார் 2004-இல் அளந்து காட்டினர். வளர்ச்சி நோவும் மூட்டு நெகிழ்வும் பெரிதும் சேர்ந்தே காணப்படுகின்றன என்று மும்பைப் பள்ளிக் குழந்தைகளை ஆராய்ந்த விசுவநாதன், குப்சந்தானி என்னும் மருத்துவர் இருவர் 2008-இல் எழுதினர். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரப் பகுதியில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளைப் பிறப்பு முதல் தொடர்ந்து கவனித்து வரும் பேராய்வு ஒன்று உண்டு. அதில், ஏறத்தாழ 14 வயதில் மூட்டு நெகிழ்வுடையோராக இருந்தவர்க்கு, 18 வயதை எட்டும்போது தோள், முழங்கால், கணுக்கால் முதலிய இடங்களில் தொல்லை தரும் வலி வருதற்கு ஏனையோரினும் ஏறத்தாழ இருமடங்கு வாய்ப்பு இருந்ததென 2013-இல் வெளியிட்டனர்.

ஏன் இவ்வாறு நிகழ்கின்றது? எமக்குப் பழகிய உலகிலிருந்து இரண்டு உவமை கூறுவோம். தண்டவாளத் துண்டுகள் இரண்டைப் பிணைப்பது ஃபிஷ் பிளேட். அதன் போல்ட் சிறிது தளர்ந்தால் தண்டவாளம் உடனே முறிந்துவிடாது; போட்டோ எடுத்தாலும் ஒன்றும் தெரியாது. ஆயினும் கடந்து செல்லும் ஒவ்வொரு சக்கரமும் அவ்விடத்தில் ஓர் அடி அடித்துவிட்டே செல்லும். எலும்பையும் எலும்பையும் பிணைக்கும் நார் தளர்ந்த பிள்ளைக்கும் அதுவே கதி. நார் செய்யவேண்டிய காவலைத் தசைகள் நாள் முழுதும் செய்து களைக்கின்றன. தன் மூட்டு எந்நிலையில் உள்ளது என்று மூளைக்கு அறிவிக்கும் உணர்வும் இப்பிள்ளைகளிற் பலர்க்கு மங்கலாக இருப்பதால், அடிக்கடி கால் பிசகுகின்றது. சிறு சிறு அடிகள். ஒவ்வொன்றும் ஒரு செய்தி. அச்செய்திகள் முதுகுத் தண்டின் வழியே மேலே செல்கின்றன. அங்கு ஒரு வாயில் இருந்து சிலவற்றை விடுத்துச் சிலவற்றைத் தடுக்கின்றது என்று மெல்சாக், வால் என்னும் அறிஞர் இருவர் 1965-இலேயே கூறினர். பல மாதங்கள் ஓயாமற் செய்தி வந்து மோதினால், தடுக்குங் காவல் தளர்ந்து, சிறு செய்தியும் பெருங்குரலாகக் கேட்கத் தொடங்குகின்றது.

இரண்டாம் உவமை சிக்னல் பிரிவு நண்பர்கள் கூறியது. மழைநீர் தேங்கித் தண்டவாள மின்சுற்றிற் கோளாறு நேர்ந்தால், பாதையில் வண்டியே இல்லாதபோதும் சிக்னல் சிவப்பைக் காட்டும். ஓட்டுநர் நின்றுவிடுகின்றார். அவரைப் பார்த்து, "பாதையில் ஒன்றுமில்லை, நீர் நடிக்கின்றீர்" என்று எந்த அதிகாரியும் கூறுவதில்லை. அவர் கண்ட சிவப்பு மெய்யான சிவப்பு. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்பது பாதையைப் பற்றிய சொல். சிக்னலைப் பற்றி அது யாதும் கூறவில்லை.

அன்பர்களே! இங்குத்தான் எம் தொழிலுக்கும் இவ்வாய்வுக்கும் உள்ள வேற்றுமை எம் உள்ளத்தைத் தொட்டது. எம் தராசின்மேல் மூட்டையை வைத்தால் மூட்டையை ஒன்றும் கேட்கவேண்டுவதில்லை. முள் தானே எடையைக் காட்டும். வலியை நிறுக்கும் கருவியோ, எவ்வளவு நுட்பமாகச் செய்யப்பட்டதாயினும், பிள்ளை வாய் திறந்து "போதும்" என்னும் வரை ஒன்றையும் காட்டாது. அழுத்தத்தைக் கருவி அளக்கின்றது. வலியைப் பிள்ளையின் சொல்லே அளக்கின்றது. ஆய்வுக்கூடத்தில் அறிவியலார் எந்தச் சொல்லைச் சான்றாக ஏற்று உலகறிய அச்சிடுகின்றனரோ, அந்தச் சொல்லையே வீட்டிலும் பள்ளியிலும் நாம் நடிப்பு என்று தள்ளுகின்றோம். வலியை ஆராயும் பன்னாட்டுச் சங்கத்தார் 2020-இல் வலிக்குரிய விளக்கத்தைத் திருத்தியபோது, ஒருவர் தமக்கு வலிக்கின்றது என்று கூறினால் அக்கூற்றை மதிக்கவேண்டும் என்பதையும் குறிப்பாகச் சேர்த்துள்ளனர்.

சொல் என்றவுடன் தமிழ்ச் சங்கத்திற்கு இதில் ஒரு பங்கு வந்துவிடுகின்றது. மெல்சாக் என்று மேலே கூறினோமே, அவரே 1975-இல் ஆங்கிலத்தில் வழங்கும் வலிச்சொற்களைத் தொகுத்து, வகைப்படுத்தி, ஒரு வினாப்பட்டியல் அமைத்தார். எரிகின்றதா, குத்துகின்றதா, பிழிகின்றதா என்று கேட்டுக் கேட்டு நோவின் தன்மையை அறிதற்கு அது பயன்படுகின்றது. நம்மிடம் இச்செல்வம் குறைவோ? குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், எரிச்சல், பிடிப்பு, சுளுக்கு, வெட்டு, இழுப்பு என்று எத்தனை! ஒன்று மற்றொன்று ஆகாது. ஏணியில் ஏறி இறங்கினவன் கால் கடுக்கும். மழைநாளிற் கிழவியின் முழங்கால் குடையும். வலி என்னும் சொல்லுக்கோ பழந்தமிழில் வலிமை என்பது பொருள். நோவைக் குறித்து நின்றது நோய் என்னும் சொல்.

இந்நகரிற் பிறந்த நம் பிள்ளைகளிடம் மருத்துவர் "எப்படி நோகிறது?" என்று கேட்டால், "பெயினாக இருக்கிறது" என்ற ஒரே விடைதான் வருகின்றது. எம் தமக்கையார் மகளிடமும் அவ்விடையே வந்தது. அப்பொழுது எம் அன்னையார், ஆம்பூர்ப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து அறுபது ஆண்டுகளுக்கு முன் இந்நகருக்கு வந்தவர், அவளைப் பக்கத்தில் அமர்த்தி, "குடையுதா, உளையுதா, கடுக்குதா?" என்று ஒவ்வொன்றாகப் பொருள் கூறிக் கேட்டார். அவள் சிறிது எண்ணிப் பார்த்து, "முட்டி உளையுது பாட்டி, தோள் பிடுங்குற மாதிரி, விரல் மட்டும் கடுக்குது" என்றாள். மறுமுறை மருத்துவர் அம்மூன்றையும் தனித்தனியே எழுதிக்கொண்டார். அவர் கன்னடியர். நோவு என்ற சொல் கன்னடத்திலும் நோவுதான் என்று கூறிச் சிரித்தார். அம்மொழி பேசும் அண்டை வீட்டாரிடமும் இத்தகைய சொற்கள் பல இருத்தல் வேண்டும்.

மருத்துவம் என்னவெனின், இதனை அடியோடு மாற்றும் மாத்திரை இல்லை. படுக்கையிற் கிடத்துவதும் தவறு; தசை மேலும் மெலியும். பயிற்சி வல்லுநர் காட்டும் முறைப்படி மூட்டைச் சுற்றியுள்ள தசைகளைச் சிறிது சிறிதாக வலுப்படுத்துவதே வழி. இங்கிலாந்தில் 2010-இல் வெளிவந்த ஆய்வில், இத்தகைய பிள்ளைகள் சிலர்க்கு உடல் முழுதுக்குமான பயிற்சியும், சிலர்க்கு நோகும் மூட்டுகளுக்கு மட்டுமான பயிற்சியும் தந்தனர். இருசாரார்க்கும் நோவு குறைந்தது. எம் தமக்கையார் மகள் ஓராண்டாகப் பயிற்சி செய்கின்றாள். நோவு முற்றும் நீங்கவில்லை. தடித்த பேனாவும் தேர்வில் மிகை நேரமும் கிடைத்தபின் விடைத்தாளை முடிக்கின்றாள். அரங்கேற்றத்தைத் தள்ளிவைத்துள்ளனர், அது நிகழுமா என்பதை அவளே முடிவு செய்வாள்.

ஓர் எச்சரிக்கை கூறவேண்டும். மூட்டு வீங்கினாலும், காலையில் நெடுநேரம் விறைத்து நின்றாலும், காய்ச்சலோ உடல் மெலிவோ சேர்ந்தாலும், குழந்தை நொண்டினாலும் அது வேறு நோயாக இருக்கலாம். எம்போன்றார் பேச்சைக் கேட்டு வீட்டில் இருந்துவிடாமல் மருத்துவரிடம் செல்க.

நிறைவாகச் செயற்குழுவின் முன் இரண்டு கோரிக்கை வைக்கின்றோம். ஒன்று, அடுத்த ஆண்டு சிறுவர் யோகாசனப் போட்டியில், எவ்வளவு வளைந்தது என்பதற்கு மதிப்பெண் வேண்டா; எவ்வளவு நிலையாக நின்றது, மூச்சு எவ்வளவு சீராக ஓடியது என்பவற்றிற்கு வழங்குக. பாதியில் "போதும்" என்று நிறுத்திக்கொள்ளும் குழந்தைக்கு மதிப்பெண் குறைக்கலாகாது. மற்றொன்று, நம் நூலகத்தில் ஒரு குறிப்பேடு வைக்க இசைவு தருக. மூத்தோர் தாம் அறிந்த நோவுச் சொற்களை அதில் எழுதி, அச்சொல் எவ்விடத்து எவ்வகை நோவைக் குறிக்கும் என்பதையும் எழுதுக. கன்னடம் அறிந்த இளைஞர் அவற்றிற்கு நேரான கன்னடச் சொல்லைப் பக்கத்திற் குறிக்கலாம். எம் அன்னையார் கூறிய பதினொரு சொற்களை ஒரு தாளில் எழுதிக் கொணர்ந்துள்ளோம். செயலாளர் அவர்களிடம் அதனைத் தந்து அமர்கின்றோம்.